மழை விட்டும் கத்தரிக்காய் விலை ஏன் இறங்கவில்லை?

களுவாஞ்சிகுடி கடை:
வணக்கம். மார்கழி மழை விட்டுப் பத்து நாளாகிறது, வெயிலும் நல்லா எறிக்குது. ஆனாலும் மொத்தமாக எடுக்கிற இடத்தில் கத்தரிக்காய், பச்சைக் கொச்சிக்காய் (பச்சை மிளகாய்), பயற்றங்காய் எதுவும் இறங்கவில்லை. கரட் மட்டும் இரண்டு நாள் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறிட்டு. எதுவரைக்கும் குறைத்து எடுக்க வேணும்?

களுதாவளைத் தோட்டம்:
தம்பி, வெயில் எறித்த பிறகுதான் சேதமே தெரியும். எழுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோர மணலில் மேல்தண்ணி சீக்கிரம் வடிந்துவிடும். ஆனால் மாரியில் நிலத்தடி நீர் வேர்மட்டத்துக்கு ஏறி நிற்கும். கத்தரியும் கொச்சியும் இரண்டு நாள் அப்படி நின்றாலே வேர் மூச்சடைத்துப்போகும். பிறகு உச்சி வெயிலில் இலை பச்சையாகவே தொங்கும். அந்தக் கன்றைப் பிடுங்கிப் பாருங்கள்: வேர் பழுப்பாகி, தோல் விரலோடு உரிந்து வரும். அது இனித் தேறாது.

தப்பிய செடியிலும் பூ கொட்டியிருக்கும். புதுப் பூ பிடித்து, காய் பறிப்புக்கு வர இரண்டு மூன்று கிழமை. புதிதாகப் போட்டால் முளைக்கீரை நாலு கிழமை, வெண்டி 45 - 50 நாள், பயற்றை 50 - 60 நாள். கத்தரிக்கும் கொச்சிக்கும் நாற்றுமேடையோடு சேர்த்து மூன்று மாதம். ஆகவே கீரை விலை முதலில் இறங்கும், மாசிக் கடைசியில் வெண்டியும் பயற்றையும், பங்குனி முடிவில்தான் கத்தரி. எல்லாரும் ஒரே கிழமையில் நடுவதால் அப்போது விலை ஒரேயடியாக விழும். தோட்டக்காரருக்கு அந்த விழுச்சிதான் வெள்ளத்தைவிடப் பெரிய அடி. பத்து நாள் இடைவிட்டு இரண்டு பாத்தியாக நட்டால் கொஞ்சம் தப்பலாம்.

தம்புள்ளை லொறி:
கரட் கணக்கு வேறு. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் மழை பெய்யும்போது கிண்டமாட்டார்கள், கரட் மண்ணுக்குள் சில நாள் பொறுக்கும். மழை விட்டதும் எல்லாரும் கிண்ட, தம்புள்ளை மொத்தச் சந்தையில் குவிந்து விலை இறங்கும். குவியல் தீர்ந்ததும் திரும்ப ஏறும். நீங்கள் கண்டது அதைத்தான். மன்னம்பிட்டிப் பக்கம் றோட்டில் தண்ணி ஏறினால் மகியங்கனை, மகாஓயா சுற்றித்தான் மட்டக்களப்புப் பக்கம் செங்கலடிக்கு வரவேணும். கூலியும் ஏறும், நேரமும் போகும்.

நனைந்த சரக்கில் கவனம். மூட்டை நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உள்ளே அவியத் தொடங்கிவிட்டது. உதாரணத்துக்கு 100 கிலோ 200 ரூபாய்ப்படி எடுத்து, கிலோவுக்கு 10 ரூபாய் கூலி கொடுத்தால் 21,000. அதில் 15 கிலோ கழிந்தால் மிச்சம் 85 கிலோவுக்கு அடக்கவிலையே 247 ரூபாய். 210 என்று நினைத்து விற்றால் கையைக் கடிக்கும்.

களுவாஞ்சிகுடி கடை:
நல்லா விளங்கிட்டு அண்ணன். அப்ப பொங்கலுக்கு எதைச் சேர்த்து வைக்கலாம்?

தம்புள்ளை லொறி:
பூசணி மட்டும். நல்லா முற்றி, காம்பு ஒட்டியிருக்கிற காயாகப் பார்த்து, பலகையில் ஒற்றை வரிசையாக வையுங்கள். காம்பு கழன்ற இடத்தில்தான் அழுகல் தொடங்கும். தக்காளி அரைப்பழமாக, இரண்டு நாள் விற்பனைக்கு மட்டும், மூட்டையில் அல்ல, பெட்டியில். வெடித்த தக்காளி ஒன்று இருந்தாலும் அன்றே எடுத்துவிடுங்கள். கத்தரி அன்றாடம் எடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடலில் மீன் வரத்துக் குறைவு, அதனால் மரக்கறிக்கு ஆள் கூடும், விலை கூடினாலும் போகும்.

களுதாவளைத் தோட்டம்:
வைகாசி தொடக்கம் ஆடி வரை கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும்போதும் கத்தரிப் பூ கருகிக் கொட்டும், விலை இன்னொருதரம் ஏறும். காற்று தொடங்கி இரண்டு கிழமையில் அது சந்தையில் தெரியும்.