மறுமொழி: ‘வார்கேம்’ – ‘படையாட்டம்’ எனலாமா?

சிலிம் ரிவரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

வார்கேம் என்பது மேசையில் வரைபடம் விரித்து, காய் நகர்த்திப் போரை ஆடிப் பார்க்கும் ஆட்டம். இங்கே மண்டபத்தில் சேர்ந்திருக்கும் பழைய வார்கேம் பெட்டிகளுக்கும் இதழ்களுக்கும் தமிழில் அட்டவணை எழுதி வெளியிடப் போகிறோம். தலைப்புச் சொல் முடிவாகாமல் ஓர் அட்டவணை அட்டையும் எழுத முடியவில்லை.

‘போர் விளையாட்டு’ வேண்டாம் என்பது என் கருத்து. ராணுவ ஒத்திகைக்கும் அதே சொல் புழங்குகிறது. அதைவிட, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆளைப் பறிகொடுத்த தோட்ட லயங்களில் போரோடு விளையாட்டைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் மனம் நோகும். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி தன் வார்கேம் ஆட்டத்தைக் காட்டியபோது, படைத்தலைமை அதிகாரி முஃப்லிங் “இது விளையாட்டல்ல, போர்ப்பயிற்சி” என்று வியந்ததாகப் பதிவு உண்டு.

போர் + ஆட்டம் சேர்ந்தால் போராட்டம். தோட்டத்தில் அதற்குச் சங்கம், வேலைநிறுத்தம் என்றுதான் பொருள். அட்டவணையில் தொழிற்சங்க வரலாற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். களம் + ஆட்டம், களவாட்டம் ஆகித் திருட்டு வாடை அடிக்கிறது. செருவாட்டம் இலக்கணத்துக்குச் சுத்தம்தான், ஆனால் செரு என்றால் போர் என்று உரை சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.

படையாட்டம் என்று வைத்துப் பார்த்தேன். படை யாருக்கும் தெரிந்த சொல். ஒட்டுச் சொற்களும் தானாக வருகின்றன: ஃபிரெட் ஜேன் 1898இல் வெளியிட்டது கடற்படையாட்டம். எச். ஜி. வெல்ஸ் 1913இல் விதி எழுதியது பொம்மைப் படையாட்டம். 1954இல் அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் தொடங்கி வைத்தது அட்டைப் படையாட்டம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

ஐயா, கரகாட்டம், மயிலாட்டம், சிலம்பாட்டம் எல்லாம் இருக்க, படையாட்டம் என்றால் திருவிழா ஆட்டம் என்றுதான் எங்கள் பிள்ளைகள் நினைப்பார்கள். இன்னொன்று, படையைக் குறிக்கும் சிறு அட்டைத் துண்டான ‘கவுண்டர்’ என்பதை முந்தைய மடலில் சில்லு என்று எழுதியிருந்தீர்கள். சில்லு என்றால் பாண்டி ஆடுவது. இப்போது கணினிக்குள் இருப்பதும் அதுதான்.

சிலிம் ரிவரிலிருந்து:

நடனக் குழப்பம் உண்மைதான், தம்பி. அட்டையில் ‘மேசைப் படையாட்டம்’ என்று முழுதாக எழுதிவிட்டால் தீரும். ஆடுபுலி ஆட்டத்தை நடனம் என்று யாரும் நினைப்பதில்லையே.

சில்லை விட்டுவிடுகிறேன். தாயத்திலும் சதுரங்கத்திலும் நகர்வது காய்தான். ‘காய் நகர்த்துகிறான்’ என்பது நம் பேச்சிலேயே சூழ்ச்சிக்குப் பெயர். எனவே அட்டைக்காய். அறுகோணக் கட்டத்துக்கு அறுகட்டம், தாயக்கட்டை உருட்டிப் பார்க்கும் பட்டியலுக்கு மோதல் முடிவு அட்டவணை.

அட்டைக்காய் என்ற பெயர் பாதுகாக்கும் வேலைக்கும் பொருந்தும். பெரும்பாலும் காய்க்கு இரு பக்கம்: முன்பக்கம் முழுப்பலம், பின்பக்கம் அடிபட்ட பிறகு. காய்களைப் பிரிக்காத தாளைப் பிரிக்காமலே இருபுறமும் வருடுங்கள் (ஸ்கேன் செய்யுங்கள்). ஏற்கெனவே பிரித்தவை என்றால் வரிசையாக அடுக்கி, ஒரு வரிசை முடிந்ததும் அப்படியே புரட்டி மறுபடி வருடவேண்டும். வரிசை குலைந்தால் எந்த முதுகு எந்த முகத்துக்கு என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள். அரை அங்குலக் காய் அப்போது 300 புள்ளி அகலம் வரும், குட்டி எண்கள் தெளியும். ஜேபெக் வேண்டாம், எண்களின் ஓரத்தில் அழுக்கு போலப் படியும். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

22க்கு 34 அங்குல வரைபடத்தை ஏ3 வருடியில் 6 துண்டாக எடுக்கலாம். 34 அங்குலப் பக்கத்தில் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று தாராளமாக மேற்படியும். 22 அங்குலப் பக்கத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடத்தான் மிச்சம், அதனால் தாளைக் கோணாமல் வைக்கவேண்டும். கோணினால் அறுகட்டங்கள் ஒட்டுமிடத்தில் முறியும். 600 புள்ளியில் முழுப்படம் சுமார் 800 மெகாபைட், 300இல் 200தான். வரைபடத்துக்கு 300 போதும்.

நம் ஊர் ஈரப்பதம்தான் பெரிய பகை. காய்களை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்த பெட்டிகளை முதலில் பிரியுங்கள். வளையம் இளகி ஒட்டி, காகிதத்தில் பழுப்புக் கறை ஏற்றிவிடும். ரப்பர்ப் பால்மரம் தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதழ்களின் இரும்பு ஊசிகளை நீக்கி, பருத்தி நூலால் தையுங்கள். பிவிசி உறை மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் உறையே நல்லது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் உலர்த்திப் போடுங்கள்.

தஞ்சோங் மாலிமிலிருந்து:

அண்ணே, படையாட்டம் எனக்குச் சம்மதம். ஆனால் வருடிய படங்களை அப்படியே இணையத்தில் போட்டுவிடாதீர்கள். விதியின் கருத்துக்குக் காப்புரிமை கிடையாது. விதிநூலின் வாசகத்துக்கும் ஓவியத்துக்கும் உண்டு. மலேசியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை. பட்டியலையும் நம் விளக்கத்தையும் வெளியிடலாம், படங்கள் பெட்டியோடு இருக்கட்டும்.

விளக்கத்தில் நிலவகையை விடாமல் எழுதுங்கள். 1942 ஜனவரி 7 விடியுமுன் கிளம்பிய ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து சிலிம் பாலம் வரை காலையிலேயே வந்துவிட்டதற்குச் சாலையே காரணம், இருபுறமும் காடும் ரப்பர் மரமும். மலாயாப் படையாட்டம் எதிலும் ரப்பர்த் தோட்ட அறுகட்டத்தில் நகர எத்தனை நகர்வுப் புள்ளி செலவு என்பதை முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்.