ரூபி நிறமாலையில் டெல்டாவை எந்தப் பட்டையிலிருந்து எடுப்பது?

கிண்டி_எம்எஸ்சி: ரூபித் துண்டின் உட்கவர் நிறமாலையில் (எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடத்தில்) 555, 405 நானோமீட்டரில் இரண்டு அகலப் பட்டைகள். இரண்டுக்குமான வித்தியாசம்தான் டெல்டாவா, அதாவது சுற்றியுள்ள அணுக்களால் டி ஆற்றல்மட்டங்கள் பிளவுபடும் அளவா? 694 பக்கம் இரட்டைக் கோடு வராமல் ஒரே மழுங்கிய மேடுதான் தெரிகிறது.

அலையெண்: வித்தியாசம் இல்லை தம்பி. ரூபிக்கு நிறம் தரும் குரோமியத்தின் மூன்று டி எலக்ட்ரான்களுக்கு முதல் பட்டையே டெல்டா. நானோமீட்டரை அலையெண்ணாக்க ஒரு கோடியை 555ஆல் வகுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 18,000. இதை அ என்றும், இரண்டாவது பட்டையை (24,700) ஆ என்றும் வைத்தால், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் அளவைக் காட்டும்
ராக்கா பி = (2அ² + ஆ² − 3அஆ) ÷ (15ஆ − 27அ)
ஏறக்குறைய 655 வரும். தனி அயனிக்கு 918. ஆக்சிஜனோடு சகப்பிணைப்பு கலந்ததால்தான் இந்தச் சரிவு. நானோமீட்டரை அப்படியே சூத்திரத்தில் போட்டுவிடாதீர்கள், பலர் சறுக்குவது அங்கேதான்.

பெரம்பூர்_லேப்: மேட்டுக்குக் காரணம் ஸ்லிட் (கருவியில் ஒளி நுழையும் பிளவு). கோடுகள் 692.8, 694.3இல், இடைவெளி 1.5 மட்டுமே. 2 நானோமீட்டர் ஸ்லிட்டில் ஒட்டிக்கொள்ளும். 0.2 ஸ்லிட், ஒவ்வொரு அளவீட்டுக்கும் 0.1 படி வையுங்கள். அங்கே எலக்ட்ரானின் சுழல் மட்டுமே புரள்கிறது, பிணைப்பு நீளம் மாறுவதில்லை. அதனால்தான் கோடு மெலிசு.

கிண்டி_எம்எஸ்சி: போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வேண்டுமா?

அலையெண்: வேண்டும். படிக அச்சுக்கு இணையாகவும் செங்குத்தாகவும் பட்டை உச்சம் இடம் மாறும். எந்தத் திசை என்று பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.