ஹோண்டா சி70 பைக் ஃபிரேமில் இஎக்ஸ்5 எஞ்சின், பல்பு நிற்கவே மாட்டேன் என்கிறது

ஜெலுத்தோங்_கப்சாய்: தாத்தாவின் ஹோண்டா சி70-ஐ மறுபடி ஓட வைக்கப் பார்க்கிறேன். ஃபிரேமும் டேங்கும் அவருடையது, பின் சக்கரம் பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது, எஞ்சின் யாரோ கழற்றி விற்ற ஹோண்டா இஎக்ஸ்5 பைக்கினுடையது. எஞ்சின் அப்படியே உட்கார்ந்துவிட்டது, ஆனால் முறுக்கினால் ஹெட்லைட் பளிச்சென்று வெள்ளையாகி அணைந்துவிடுகிறது. ஒரே வாரத்தில் மூன்று பல்பு காலி. ஏன்?

பழைய_இரும்பு: தம்பி, பழைய சி70 எல்லாம் 6 வோல்ட், இஎக்ஸ்5 12. பல்பின் அடியில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். பல்பு, ஹார்ன், ஃபிளாஷர், பேட்டரி எல்லாமே 12-க்கு மாற வேண்டும், வோல்ட்டை ஏறவிடாமல் பிடிக்கும் ரெகுலேட்டரும் சேர்த்துத்தான், அது இல்லாவிட்டால் புது பல்பும் போய்விடும். என் ஹார்ன் செத்த பிறகுதான் எனக்கே இது புரிந்தது.

பட்டர்வொர்த்_வாசி: பழைய வயரிங் பாயிண்டுக்கு (சுவிட்ச் போலத் திறந்து மூடி தீப்பொறி தரும் பழைய முறை) போட்டது, இஎக்ஸ்5-இன் சிடிஐக்கு (மின்னணு முறையில் தீப்பொறி தரும் பெட்டி) அதில் இடமில்லை. இஎக்ஸ்5 வயரிங்கை முழுசாகப் போடுங்கள், ஒட்டுப் போட்டால் மழையில் தள்ளிக்கொண்டுதான் வருவீர்கள். அப்புறம் கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) 72 சிசி, பழைய எஞ்சின் நம்பர்தானே இருக்கும்? உங்களிடம் இருப்பது 97. சோதனை முடித்து ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) மாற்றிவிடுங்கள்.

ஜெலுத்தோங்_கப்சாய்: 6 தான் பொறித்திருக்கிறது! எஞ்சினுக்கு ரசீது இல்லையே அண்ணே.

பழைய_இரும்பு: அப்போ பல்பை விடுங்கள், முதலில் விற்றவரைப் பிடியுங்கள்.