லுவார் நதிக்கரைக் கோட்டைகள்: போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்

பிரான்சில் லுவார் நதிக்கரைக் கோட்டைகளுக்குப் போய் வந்த அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். அம்புவாஸ் ஊரிலிருந்து தொடங்குகிறேன். பாரிஸ் ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். ரயில் நிலையம் லுவாரின் வடகரையில் இருக்கிறது, கோட்டையோ தென்கரையில். பெட்டியை உருட்டிக்கொண்டு பாலத்தில் நடக்கும்போதே ஆற்றுக்கு மேலே அந்த வெள்ளைச் சுவர் நீளமாகத் தெரியும். டாக்ஸி பிடிக்காதீர்கள், நடந்தே போங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் ஓடுவது லியொனார்டோ டா வின்சியின் கல்லறைக்குத்தான். 1516-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் அவரை வரவழைத்து, பக்கத்திலேயே க்ளோ லூசே மாளிகையில் குடிவைத்தார். 1519 மே 2 அன்று அங்கேயே இறந்தார். முதலில் அவரைப் புதைத்த தேவாலயம் பிற்காலத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. 1863-இல் தோண்டியபோது கிடைத்த எலும்புகளைத்தான் சிற்றாலயத்தில் வைத்திருக்கிறார்கள். அவருடையவை என்று நம்பப்படுகிறது, அவ்வளவுதான். இதை அவர்களே மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

எட்டாம் சார்லஸ் மன்னர் 1498-இல் பந்தாட்டம் பார்க்கப் போகும் வழியில் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, சில மணி நேரத்தில் இறந்துபோனதும் இந்தக் கோட்டையில்தான். வயது 27. இத்தாலிவரை படை நடத்திப் போய் வந்தவர்!

ஆனால் நான் அதிக நேரம் நின்றது தோட்டத்தில், கூட்டமே இல்லாத ஓர் இடத்தில். வரிசையாக 25 கற்கள், அரபு எழுத்துகள். பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவைப் பிடித்தபோது எதிர்த்துப் போரிட்ட அமீர் அப்துல் காதரை 1848-இலிருந்து 1852 வரை குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் இங்கே சிறை வைத்திருந்தார்கள். அந்த நான்கு வருடத்தில் இறந்துபோன அவருடைய ஆட்களுக்கான இடம் அது. இப்போதுள்ள கற்கள் 2005-இல் வைத்தவை. ஒரு பெரியவர் பேரனோடு வந்து கைகளை ஏந்தித் தொழுதுவிட்டு, "இந்தியாவா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை என்பது தெரிந்ததும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். சரணடைந்தால் கிழக்கே ஒரு முஸ்லிம் நாட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இங்கே கொண்டுவந்து அடைத்தார்களாம். பேரன் அதற்குள் அவர் சட்டையை இழுக்க ஆரம்பித்துவிட்டான். பிறகு படித்துப் பார்த்தேன், பெரியவர் சொன்னது சரிதான். 1852 அக்டோபரில், அப்போது பிரான்சின் அதிபராக இருந்த லூயி நெப்போலியன் நேரிலேயே வந்து விடுதலையை அறிவித்திருக்கிறார்.

* * *

அம்புவாஸ் தோட்டத்தில் அண்ணா சொன்ன அந்த அரபு எழுத்துக் கற்கள் பக்கம் நாங்கள் போகவே இல்லை. கையேட்டில் சின்னதாகப் போட்டிருந்தது, கவனிக்காமல் விட்டோம்.

நான் ஷெனோன்சோவைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். லுவாரில் இல்லை, அதன் கிளை நதியான ஷேரின் மேலே நிற்கிறது. தூர் நகரிலிருந்து ரயில் உண்டு, இறங்கினால் கோட்டை வாசல் பக்கத்திலேயே. ஆனால் ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இந்தக் கோட்டையின் கதையே ஒரு சக்களத்திச் சண்டைதான். இரண்டாம் ஹென்றி மன்னர் இதைத் தன் காதலி தியான் து புவாத்தியேவுக்குக் கொடுத்தார். அந்த அம்மாள் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினார். 1559-இல் ஈட்டிப் போட்டியில் காயம்பட்டு மன்னர் இறந்தார். ராணி கத்தரீன் தெ மெதிசி சும்மா இருப்பாரா? பதிலுக்கு ஷோமோன் கோட்டையை வைத்துக்கொள், இதைக் காலி செய் என்று தியானிடம் சொல்லிவிட்டார். அப்புறம் தியானின் பாலத்து மேலேயே 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடத்தை எழுப்பினார். தோட்டமும் ஆளுக்கொன்று, இருவர் பெயரிலும் இன்றுவரை இருக்கிறது. அம்மா இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு தியானுடையதுதான் அழகு என்று தீர்ப்புச் சொன்னார்.

அம்மாவுக்கு அதைவிடப் பிடித்தது சமையலறை. ஆற்றுக்குள் நிற்கும் பாலத் தூண்களின் வயிற்றுக்குள் அதை அமைத்திருக்கிறார்கள். சாமான் படகில் வந்து நேராக அங்கேயே இறங்கும். செப்புப் பாத்திரங்களைப் பார்த்து, "இதையெல்லாம் யார் துலக்கியிருப்பா?" என்றார். வழிகாட்டி அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அந்த நீளக் கூடம். ராணி விருந்து வைத்த இடம், முதல் உலகப் போரில் மருத்துவமனை ஆனது. சாக்லேட் வியாபாரிகளான மெனியே குடும்பம் தன் சொந்தச் செலவில் நடத்தியது. 2,254 வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். இரண்டாம் போரில் ஷேர் நதியே எல்லைக்கோடு. கோட்டை வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில், கூடத்தின் தெற்குக் கதவு மறுபகுதியில். அந்தக் கதவு வழியாக ஆட்களைத் தப்பவைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்தக் கதவு வழியாக வெளியே வந்து மறுகரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பெரும்பாலோர் கதவுவரை வந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

* * *

ஷம்போர் கோட்டைக்குப் போனோம். பெரிசு. அவ்வளவுதான். பல அறைகள் காலி, கல் சுவர், குளிர். இத்தனை கணப்படுப்புகள் கட்டியவர்கள் உட்கார ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

* * *

தம்பி, காலியாக இருந்ததில் குற்றம் இல்லை. அந்தக் காலத்து மன்னர் ஊர் ஊராகப் போவார். கட்டில், திரைச்சீலை, சமையல் பாத்திரம் எல்லாம் வண்டியில் கூடவே போகும். அவர் கிளம்பிவிட்டால் கோட்டை வெறும் கூடுதான். 1519-இல் கட்டத் தொடங்கிய அந்த மாளிகையில் முதலாம் பிரான்சுவா தங்கியது அவருடைய 32 வருட ஆட்சியில் மொத்தம் 72 நாள். வேட்டைக்கு வருவார், போவார்.

நாங்கள் பாரிஸில் இருக்கிறபடியால் பிள்ளைகளோடு அடிக்கடி போகிறோம். நடுவில் இருக்கிற இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஒரு பிள்ளை ஒரு வழியாலும் மற்றது மற்ற வழியாலும் ஏறும். இடையில் உள்ள சன்னல்களால் ஒருவரை ஒருவர் பார்க்கலாம், சந்திக்க முடியாது. கூரைக்குப் போய்ச் சேர்ந்தால் கோபுரங்களும் புகைபோக்கிகளும் வலு வடிவு. 1939-இல் போர் வருகிறது என்று லூவ்ர் அருங்காட்சியகத்தின் படங்களைப் பெட்டி பெட்டியாக இங்கேதான் கொண்டுவந்து ஒளித்தார்கள். மோனா லிசாவும் வந்தது. காலி அறைகள் அன்றைக்கு உதவின.

* * *

அம்புவாஸில் ஒரு மதியம் மிச்சம் இருந்தால் ஷாந்தலூவுக்குப் போங்கள். ஊருக்குத் தெற்கே 3 கிலோமீட்டர், வாடகை சைக்கிளே போதும். கோட்டை இல்லை, 1823-இல் இடித்துவிட்டார்கள். சீன பாணியில் 44 மீட்டர் உயரமுள்ள ஏழு அடுக்குக் கோபுரம் மட்டும் ஒரு குளத்தங்கரையில் நிற்கிறது.

புதுச்சேரிக்காரனான எனக்கு அங்கே போக வேறு காரணம். கட்டியவர் ஷுவாசல் பிரபு. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் எங்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கியபோது பிரான்சின் வெளியுறவு அமைச்சர் இவர்தான். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் ஊர் திரும்பக் கிடைத்தபோதும் அதிகாரம் இவர் கையில். 1770-இல் பதினைந்தாம் லூயி இவரைப் பதவி நீக்கி, உன் பண்ணையிலேயே கிட என்று அனுப்பிவிட்டார். ஆனாலும் நண்பர்கள் தேடித் தேடி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றியாக எழுப்பியதுதான் இந்தக் கோபுரம். பதவி போன பிறகும் வீட்டுக்கு ஆள் வந்தால் கோபுரமே கட்டலாம், தப்பில்லை.

மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகிக்கொண்டே போகும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம், குளத்தில் படகு வாடகைக்கு உண்டு. மரத்தால் செய்த பழைய விளையாட்டுகளும் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டை ஊரிலேயே கட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.