பென்ஸ் கார் சூடாகிறது, அவசர உதவி தேவை (வேலூர்)

காட்பாடி வாசி:
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பென்ஸ் கார் அளவுக்கு மீறிச் சூடாகிறது. நேற்று மாலை கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றபோது வெப்பநிலை 115-ஐத் தாண்டி எச்சரிக்கை விளக்கும் எரிந்ததால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெகு நேரம் காத்திருக்க நேர்ந்தது. எங்கள் தெரு மெக்கானிக், குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்; இன்னொருவர் எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் ஏலகிரிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் உடனே வழி சொல்லுங்கள்.

ஆற்காடு டீசல்:
எந்த பென்ஸ், எந்த ஆண்டு, டீசலா பெட்ரோலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒன்றுமே நீங்கள் சொல்லவில்லையே, சார். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், குறைகிறதா? நிற்கும்போது மட்டும் சூடாகிறதா, நெடுஞ்சாலையிலும் ஏறுகிறதா? இவை தெரியாமல் யார் சொன்னாலும் அது குருட்டாம்போக்கில் சொல்வதுதான்.

பாகாயம் பழையவர்:
தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்ன மெக்கானிக் அனுபவசாலி. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம். என் அம்பாசிடரில் அதைக் கழற்றிவிட்டுத்தான் முப்பது ஆண்டுகள் ஓட்டினேன். ஒரு கத்திரி வெயிலிலும் அது கொதித்ததில்லை.

மூன்றுமுனை:
இந்தக் கேள்வி மாதந்தோறும் வருகிறது. கேட்பவர்கள் பழைய பதிவுகளைப் படிப்பதே இல்லை. தம்பி, புதிதாக வாங்கினால் பல மடங்கு விலையாகும் வண்டியைப் பழையதாக மூன்று நான்கு லட்சத்துக்கு வாங்கிவிட்டால், அதன் பராமரிப்புச் செலவும் மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு உரியதாகிவிடாது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாது. வண்டியின் கணினியைப் படிக்கும் உரிய ஸ்கேனரை இணைத்துப் பிழைக் குறியீடுகளை எடுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம். என்னிடம் இதே நிறுவனத்தின் வண்டிகள் இரண்டு இருக்கின்றன. நான் ஒருபோதும் தெரு மெக்கானிக்கிடம் விட்டதில்லை.

காட்பாடி வாசி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். வண்டி ஈ 220 சி.டி.ஐ., 2008 மாடல். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு தில்லியில் அப்போது தடை இருந்ததால், அங்கிருந்து என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) பெற்று வந்த வண்டியை பெங்களூரில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். பதினைந்து ஆண்டு முடிந்தபோது மறுபதிவும் செய்தாயிற்று. மீட்டர் 1,40,000 காட்டுகிறது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி வாணியம்பாடி வரை போனாலும் 90-க்கு மேல் ஏறுவதில்லை. ஊருக்குள் வந்து நெரிசலில் நின்றால்தான் ஏறுகிறது. கூலன்ட் கொஞ்சம் குறையும். அப்போதெல்லாம் வீட்டுப் போர் தண்ணீரை ஊற்றிக்கொள்வேன்.

ஆற்காடு டீசல்:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் தணிந்து நெரிசலில் ஏறுகிறது என்றால், பெரும்பாலும் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் ஃபேன் தலையில் விழுகிறது. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தாலோ வாட்டர் பம்ப் பழுதாகியிருந்தாலோ, 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினுக்குச் சுமை கூடும்போதுதான் முதலில் தெரியும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வேகமும் குறைவு, சுமையும் அதிகம்; இந்த நிலையில் வண்டியைக் குடும்பத்தோடு அங்கே ஏற்றாதீர்கள்.

வாலாஜா மாணவன்:
ஹெட் கேஸ்கெட் என்று சொன்னவரின் பேச்சை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம், அண்ணா. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா, கூலன்ட் தொட்டியில் குமிழிகள் தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்க வேண்டாம்.

ஆம்பூர் அறிவியல்:
ஃபேன் இருக்கட்டும், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது போர் தண்ணீர்தான். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணமே சாட்சி. அந்தச் சுண்ணம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அதைவிட, நீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். இந்த வண்டியின் ரேடியேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம். பென்ஸின் 325.0 தரத்துக்கு ஒப்புதல் பெற்ற கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்ற வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது.

பாகாயம் பழையவர்:
கிணற்று நீரைத்தான் என் அம்பாசிடருக்கு வாழ்நாள் முழுவதும் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. நம் ஊர்த் தண்ணீரைக் குறை சொல்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது.

ஆம்பூர் அறிவியல்:
ஐயா, உங்கள் அம்பாசிடரின் எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் தெருமுனையில் ஈயம் வைத்து அடைத்துவிடலாம். அலுமினியத்துக்கு அது செல்லாது. தண்ணீரைக் குறை சொல்வது நாகரிகத்துக்காக அல்ல. தோலைப் பதப்படுத்தும் உப்பும் கழிவும் பாலாற்றில் கலந்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்து, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்திருக்கிறது.

பாகாயம் பழையவர்:
அந்தத் தோல் தொழில்தான் இந்த வட்டாரத்தில் ஏராளமானோருக்குச் சோறு போடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றுமுனை:
ரேடியேட்டரில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை வந்துவிட்டீர்கள். ஸ்கேனர் இணைக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் இன்னும் பதிலில்லை.

ராணிப்பேட்டை எலக்ட்ரீஷியன்:
காட்பாடி சார், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நெரிசலில் நிற்கும்போது ஏ.சி. குளிர்கிறதா?

காட்பாடி வாசி:
இல்லை. நின்ற கொஞ்ச நேரத்தில் சூடான காற்று வருகிறது; நகர்ந்ததும் மறுபடி குளிர்கிறது. அது போன கோடையிலிருந்தே அப்படித்தான். கேஸ் குறைந்துவிட்டது என்று இரண்டு முறை நிரப்பினார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

ராணிப்பேட்டை எலக்ட்ரீஷியன்:
உண்டு, அது மட்டும்தான் தொடர்பு. ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் காற்றை இழுப்பது பின்னால் உள்ள அதே மின்சார ஃபேன். போன கோடையிலேயே அது நோயாளி. கேஸ் நிரப்பியவர்கள் பானெட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் உங்களுக்கு இரண்டு முறை பணம் போயிருக்காது.

நீங்களே பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யை முழுக் குளிரில் வையுங்கள். சற்று நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றவில்லை என்றால் எஞ்சினை அணைத்து, கூலன்ட் வெப்பநிலை சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வெப்பநிலை தெரியாத நிலையில் எஞ்சின் கணினி பாதுகாப்புக்காக ஃபேனை வேகமாகச் சுற்றச் சொல்லும். அப்போதும் அசையாவிட்டால் ஃபேனின் பெரிய ஃப்யூஸையும், தடித்த இரு வயர்களில் 12 வோல்ட் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தும் சுற்றவில்லையா? ஒரு நீளமான மரக்குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளிவிடுங்கள். தள்ளியதும் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கினால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். இந்த ஃபேன் சொல்லாமல் கிளம்பும், எஞ்சினை அணைத்த பிறகும் சுற்றும்.

சத்துவாச்சாரி சக்கரம்:
எதற்கு இத்தனை சோதனை? டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேர் வயர் இழுத்துவிட்டால் இருநூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். என் நண்பரின் வண்டியில் அப்படித்தான் ஓடுகிறது.

ராணிப்பேட்டை எலக்ட்ரீஷியன்:
உங்கள் நண்பரின் வண்டி எது என்று தெரியவில்லை. இந்த வண்டியின் ஃபேன் 600 வாட் அல்லது 850 வாட். சிறியது என்றே வைத்துக்கொண்டாலும், 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும். இருநூறு ரூபாய் சுவிட்சும் முகப்பு விளக்குக்குப் போடும் வயரும் அதைத் தாங்காது. டேஷ்போர்டுக்குள் வயர் உருகிப் புகைவதை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். மேலும், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஃபேனோடு இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. நேர் வயர் இழுத்தால் அதைத் தாண்டிப் போகிறீர்கள்.

மூன்றுமுனை:
நான் சொன்ன ஸ்கேனரை இணைத்திருந்தால் ஃபேன் பழுது என்று முதல் நாளே குறியீடு வந்திருக்கும்.

ராணிப்பேட்டை எலக்ட்ரீஷியன்:
வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பிரஷ் தேய்ந்த மோட்டார் சில நாள் சுற்றும், சில நாள் சுற்றாது. ஸ்கேனர் மென்பொருளுக்குப் போல மரக்குச்சிக்குச் சந்தா கட்டத் தேவையில்லை, சார்.

ஆற்காடு டீசல்:
ஃபேனை வெளியே எடுக்கும்போதே கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். தில்லிப் புழுதியும் நம் ஊர்ப் பூச்சியும் சேர்ந்து அந்த இடுக்கில் கம்பளி விரித்ததுபோல அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பம்பால் அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுப் பாதையே மூடிவிடும். தொட்டி மூடியையும் மாற்றிவிடுங்கள். 1.4 பார் அழுத்தத்தை அது தாங்கினால் சரிபாதிக் கலவை 125 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடி தளர்ந்து, உள்ளே வெறும் தண்ணீர் இருந்தால் 100-லேயே கொதிநிலை வந்துவிடும். நீங்கள் போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்ததால் இப்போது உள்ளே இருப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான்.

வாலாஜா மாணவன்:
ஒருவேளை நடுவழியில் மறுபடி ஏறினால், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள், அண்ணா. ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். வேலூர் மே மாதத்தில் அதைச் செய்வது தவத்துக்கு ஒப்பானது என்றாலும் எஞ்சின் பிழைக்கும். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் சுற்றவில்லை என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள்.

பாகாயம் பழையவர்:
என் அம்பாசிடரில் ஹீட்டரும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை.

ஆற்காடு டீசல்:
காட்பாடி சார், ஞாயிறு கடந்துவிட்டது. என்ன ஆயிற்று? ஏலகிரி போனீர்களா?

மூன்றுமுனை:
வேலை முடிந்ததும் காணாமல் போய்விடுவார்கள். இதுதான் வழக்கம்.

காட்பாடி வாசி:
ஃபேன் மோட்டார்தான். குச்சியால் தள்ளியதும் சுற்றியது. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய ஃபேன் ஒன்றை முழுதாக வாங்கிப் பொருத்திவிட்டோம். கிரீன் சர்க்கிளில் இப்போது 95-ஐத் தாண்டவில்லை, ஏ.சி.யும் குளிர்கிறது. ஏலகிரிக்கு மைத்துனரின் வண்டியில் போனோம். அனைவருக்கும் நன்றி.

ஆம்பூர் அறிவியல்:
மகிழ்ச்சி. பழைய தண்ணீரை முழுவதும் இறக்கிக் கழுவிவிட்டுச் சரியான கூலன்ட் ஊற்றினீர்களா?

ஆரணி புதியவர்:
வணக்கம். என்னுடைய பென்ஸும் சூடாகிறது. இதே ஃபேன் என் வண்டிக்கும் பொருந்துமா?

ஆற்காடு டீசல்:
எந்த பென்ஸ், எந்த ஆண்டு?