அப்பாவின் நுரையீரல் இரத்தக்கசிவு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். இளமையில் காசநோய் வந்து குணமான என் தந்தைக்கு வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு குழி தங்கிவிட்டது; இப்போது இருமும்போதெல்லாம் நுரை கலந்த செந்நிற இரத்தம் வருகிறது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனால் இரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோகிராமில், அந்தக் குழிக்குள் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை உருண்டையாகத் திரண்டிருப்பதும், அதைச் சுற்றியுள்ள மூச்சுக்குழல் தமனிகள் தடித்து முறுக்கிக்கொண்டிருப்பதும் தெரிந்தன.

தற்போது இரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்கிறார்கள். இரத்தம் கசியும் வலப்பக்கம் கீழே இருக்குமாறு படுக்கவைத்தால் நல்ல நுரையீரலுக்குள் இரத்தம் வழியாது என்று செவிலியர் சொல்லித் தந்தார். இதை எல்லாக் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்ததாக, தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் தமனியை நுண்துகள்களால் அடைக்கும் எம்போலைசேஷன் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். தண்டுவடத்துக்குச் செல்லும் தமனியும் அந்தத் தமனியிலிருந்தே கிளைக்கக்கூடும், துகள்கள் அதையும் அடைத்துவிடக்கூடும் என்பதால் மிக அரிதாகக் கால்கள் செயலிழக்கலாம் என்பதும், பூஞ்சை உருண்டை இருக்கும்வரை கசிவு திரும்பலாம் என்பதும் எங்களைக் கலங்கவைக்கின்றன.

இச்சிகிச்சை பெற்றவர்கள், கசிவு எவ்வளவு காலம் நின்றது, பின்னர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டதா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் கிடைத்ததா என்பவற்றைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.