மறு: கிராப்பிள் – ‘பிடி’ போதுமா, ‘மல்லுக்கட்டு’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம். மல்யுத்த வீடியோ கேம்களில் இரு வீரர்கள் கைகோத்து நிற்கும் ‘கிராப்பிள்’ நிலைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> கிராப்பிளுக்குப் ‘பிடி’ என்றே வைத்துவிடலாம். சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும்.

தம்பி, சின்னச் சொல் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ‘பிடி’ இந்த ஆட்டங்களின் உயிரையே தவறவிடுகிறது. பிடிக்க ஒருவன் போதும், மற்றவன் பிடிபடுவான். கபடியில் நாம் பிடி என்பது அதைத்தான். மல்யுத்த வீடியோ கேமில் கிராப்பிள் விழும் நொடியில் யாரும் யாரையும் பிடித்துவிடவில்லை. ஒரு கை எதிராளியின் பிடரியில், மறு கை அவன் முழங்கையில், இருவரும் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். யார் யாரைத் தூக்கி அடிப்பது என்பது அதற்கு அப்புறம்தான் முடிவாகும்.

டெக்னோஸ் நிறுவனம் 1991இல் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்கு, கொண்டுவந்த ரெசில்ஃபெஸ்ட்டைப் பாருங்கள். அதில் ஹல்க் ஹோகன், எர்த்குவேக் என்ற வீரர்கள் கைகோத்ததும் ஆடுகிற இருவரும் பொத்தானைப் படபடவென்று தட்ட வேண்டும். வேகமாகத் தட்டியவருக்கே அடிக்கும் வாய்ப்பு கிடைக்கும். ஜப்பானின் ஹியூமன் நிறுவனம் 1989இல் பிசி எஞ்சின் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு வெளியிட்ட ஃபயர் புரோ ரெஸ்லிங் இதற்கு நேர்மாறு. அதில் வீரர்கள் நெருங்கினாலே தாமாகக் கோத்துக்கொள்வார்கள். படபடவென்று தட்டினால் தோல்விதான். கைகள் இறுகும் அந்தக் கணத்தில் ஒரே ஒரு தட்டு, முந்தினால் போச்சு. தொடக்கத்திலேயே பெரிய அடிக்குப் போனாலும் எதிராளி அதை உங்கள் மீதே திருப்பிவிடுவான். சின்னச் சின்ன அடிகளால் அவனைக் களைக்க வைத்த பிறகுதான் பெரியது செல்லும். எவ்வளவு அழகான வடிவமைப்பு! மல்யுத்த ஆட்டங்கள் மற்ற சண்டை ஆட்டங்களிலிருந்து பிரிந்து தனி வகையாக நிற்பது இந்த ஒரு நிலையால்தான் என்பேன். அதற்குப் பொருந்தாத பெயர் வைத்துவிட்டு மீதியை எப்படித் தமிழில் விளக்குவது?

‘பிடி’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மிட்வே 1995இல் செய்த ரெசில்மேனியா ஆர்கேட் கேம், பிறகு சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் என்று வீட்டுக்கும் வந்தது. உண்மையான வீரர்களைப் படம்பிடித்துச் செய்தது. ஆனால் அதன் நடை மோர்டல் காம்பாட் என்ற சண்டை ஆட்டத்துடையது. எட்டிப் பிடித்தோமா, அடுக்கடுக்காக அடித்தோமா என்று போகும். அந்த ஒன்றுக்குப் ‘பிடி’ சரி, வகை முழுவதற்கும் ஆகாது.

> ‘மல்லுக்கட்டு’ பேச்சு வழக்கு, கலைச்சொல்லாக எடுபடாது.

ஏன் எடுபடாது, ஐயா? ‘மல்’ சங்கத் தமிழ்ச் சொல். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் பொருது வீழ்த்தியவனை மல்லன் என்றே புறநானூற்றின் 80ஆம் பாட்டு சொல்கிறது. அதே சொல் இன்றும் ‘அவனோடு யார் மல்லுக்கட்டுவது’ என்று நம் வாயில் இருக்கிறது. இரு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் நிற்பது அதன் பொருளிலேயே உண்டு, வினையாகவும் தடையின்றி வரும். இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்குச் செய்ய வேண்டும்?

‘பூட்டு’ என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். அது நல்ல சொல், ஆனால் எதிராளியைப் பணிய வைக்கும் சப்மிஷனுக்கு அதை எடுத்து வைப்போம். ‘கிடுக்கிப்பிடி’யைச் செய்தித்தாள்கள் போலீஸ் விசாரணைக்குக் கொடுத்துவிட்டன.

கிளைச்சொற்களையும் பார்க்க வேண்டும். நின்டெண்டோ 64இல் 2000இல் வந்த நோ மெர்சி என்ற மல்யுத்த ஆட்டத்தில் பொத்தானை லேசாகத் தட்டினால் ஒரு வகை கிராப்பிள், அழுத்திப் பிடித்தால் வலுவான இன்னொரு வகை. மென்பொருள், வன்பொருளுக்குப் பழகிய நமக்கு மென்கட்டு, வன்கட்டு உடனே புரியும். பின்னாலிருந்து வளைப்பது பின்கட்டு. ‘பிடி’யிலிருந்தும் மென்பிடி, வன்பிடி வரும்தான். ஆனால் பொத்தானை ‘அழுத்திப் பிடித்து வன்பிடி பிடிக்கவும்’ என்று கையேட்டில் எழுதிப் பாருங்கள், குழப்பம் தெரியும்.

அன்புடன்.

—

அண்ணா, அந்தக் கடைசி வரியில் என் வாயை அடைத்துவிட்டீர்கள். மல்லுக்கட்டு, மென்கட்டு, வன்கட்டு, பின்கட்டு நான்கையும் பட்டியலில் ஏற்றுகிறேன். மிட்வே கேமுக்கு மட்டும் ‘பிடி’ இருக்கட்டும்.

ஒன்று பாக்கி. எதிராளி நம் அடியை நம் மீதே திருப்பும் ரிவர்சலுக்கு ‘எதிர்க்கட்டு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அது ஒட்டவில்லை. கட்டிலிருந்து மட்டுமல்ல, ஓடிவந்து விடும் உதையிலிருந்தும் ரிவர்சல் வருமே. ஃபயர் புரோவை விளக்கும்போது நீங்களே ‘திருப்பிவிடுவான்’ என்றுதான் எழுதினீர்கள். ‘திருப்படி’ என்று வைத்தால் என்ன?